பிந்தி வந்த குரல்

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பலீல் சொன்ன ஒரே ஒரு வரியோடு போன புதன்கிழமை உங்களை விட்டுவிட்டேன். "நி... நிக்காஹ் அன்னைக்கு நீயே சொல்லிடு, மர்சூக்." அவ்வளவுதான். அதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மணப்பெண் அம்றா கேட்டுவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். பலீலுக்குத் தெரியாது.

இன்றுதான் வாசிக்க உட்கார்ந்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பலீல் மாத்தளை பிரதான வீதியில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். சின்ன வயதிலிருந்தே பேச்சுத் திக்கும். வியாபாரத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, வேண்டும் என்றால் தலையை ஆட்டுவார், வேண்டாம் என்றால் சாக்கைக் கட்டிவிடுவார்.

ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் மூத்த மகள் ஜெஸ்லாவின் நிக்காஹ்வில், பெண்ணைக் கொடுக்கும் வார்த்தையைத் தகப்பன் தன் வாயால் சொல்வதுதான் அழகு என்று முன்னால் போய் உட்கார்ந்தார். "என் மகள் ஜெ... ஜெ..." அதோடு நின்றுவிட்டது. சபை முழுக்கக் காத்திருந்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த பள்ளிவாசல் லெப்பை, நல்ல மனதோடுதான், மிச்சத்தைத் தானே சொல்லி முடித்து வைத்தார். நல்ல மனது சில நேரம் நன்றாகவே வலிக்கும். அன்று பிரியாணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் பெண்ணின் தகப்பன்.

இப்போது இரண்டாவது மகள் அம்றாவின் முறை. மாப்பிள்ளை றினோஸ், உக்குவெலைக்காரர். நிக்காஹ்வுக்கு இன்னும் ஒன்பது நாள். வாப்பா தன் வாயால் தன்னைக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சொன்னால் வாப்பாவுக்கு நோகும், சொல்லாவிட்டால் அவளுக்கு நோகும். ஆகையால் ஒரு வாரமாக யாருக்கும் விளங்காத ஒரு கோபத்தோடு வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் புதன்கிழமை காலையும் அந்தக் கோபத்தோடுதான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அம்றாவின் தொழில் குரல். கொழும்பில் ஒரு நிறுவனம் தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் செய்யும் பாடங்களுக்கு வாசித்துக் கொடுக்கிறாள். வாப்பாவின் சாமான் அறையில் ஒரு மூலைதான் அவளுடைய ஒலிப்பதிவுக்கூடம். மூன்று பக்கமும் கராம்புச் சாக்கு அடுக்கியிருப்பதால் எதிரொலி அண்டாது. மூக்குத்தான் பாவம்.

அன்றைக்கு மேசையில் புதிதாக ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. கண்டியில் ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கிய இன்டர்ஃபேஸ். மைக்கின் குரலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதும், கம்ப்யூட்டரின் ஒலியை வாங்கிக் காதுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. நாலு மணிக்குள் ஐந்து பாடம் அனுப்ப வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இலைகள் சூரிய ஒளியை..."

அவள் 'ஒளியை' என்னும்போது காதுக்குள் இன்னொரு அம்றா அப்போதுதான் 'சூரிய' என்றாள். நாக்கு நின்றுவிட்டது. மறுபடி சொன்னாள். "இலைகள் சூ... சூரிய ஒ... ஒளி..." தன் குரலே தனக்குப் பின்னால் ஓடி வந்து இடித்தது. அதைக் கேட்காமல் சொல்லலாம் என்று பார்த்தால் முடியவில்லை. காது கேட்கிறது, நாக்கு காத்திருக்கிறது. "இ... இலைகள்... சூ..."

கதவு படாரென்று திறந்தது. உம்மா ஸக்கியா, கையில் அகப்பையோடு.

"வெக்கமா இல்லையா புள்ள ஒனக்கு?"

அம்றா ஹெட்போனைக் கழற்றினாள். "என்ன உம்மா?"

"என்னவா? குசினிக்குக் கேக்குது. இ... இ... சூ... சூன்னு. வாப்பாவப் பழிப்புக் காட்டுறியா? ஒரு வாரமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தே, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இதுக்குத்தானா? அந்த மனுசன் ஒனக்கு என்ன கொற வெச்சாரு?"

அந்த வீட்டில் திக்குவது விளையாட்டு இல்லை. ஜெஸ்லா ஆறு வயதில் ஒரு தடவை வாப்பாவைப் போலப் பேசிக் காட்டி உம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் குடும்பத்தில் பேசப்படுகிறது. அம்றாவுக்கு முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது.

"அல்லாட காவலா நான் பழிப்புக் காட்டல்ல உம்மா. இது பெட்டி செய்ற வேல. நம்பல்லன்னா நீங்களே போட்டுப் பாருங்க."

"எனக்கெதுக்கு?"

"போடுங்க. போட்டுக்கிட்டு ஏசுங்க."

ஏசுவதற்கு யாராவது அழைப்பு விடுத்தால் ஸக்கியா மறுப்பதில்லை. முக்காட்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடங்கினார். "நீ என்ன புள்ள நெனச்சிக்கிட்டு..." அடுத்த சொல் வரவில்லை. "நெ... நெனச்... என்ன... இ... இது..." மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி மூச்சு விடாமல் ஏசக்கூடிய பெண்மணி, பால்குடி மறந்த பிள்ளை மாதிரி மழலை பேசினார். பதறிப்போய் அதைப் பிடுங்கி எடுத்தார்.

"யா அல்லாஹ்! இதுக்குள்ள யாரு இருக்கிறது?"

"நீங்கதான். கொஞ்சம் பிந்தி வாறீங்க."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்றாவுக்கும். சிரித்துக்கொண்டே இருவரும் திரும்பியபோது வாசலில் பலீல் நின்றுகொண்டிருந்தார்.

கராம்புச் சாக்கு ஒன்று எடுத்துப்போக வந்தவர். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு அடங்கிய வேகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி விளங்கியிருக்கும்.

"வாப்பா, அது வந்து..." என்று அம்றா எழுந்தாள்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கோபம் இல்லை. அவர் கண் சிவப்புப் பெட்டியில் இருந்தது. கடைத் தராசு பழுதானால் ஆளைக் கூப்பிடாமல் தானே கழற்றிப் பூட்டுகிற மனிதர் அவர். எந்த இயந்திரத்தையும் உள்ளே என்ன என்று பார்க்காமல் விடமாட்டார். கையை நீட்டி ஹெட்போனைக் கேட்டார்.

"வேணாம்," என்றார் உம்மா மெதுவாக. எனக்கே இந்தக் கதி என்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது அந்த 'வேணாமு'க்குள் இருந்தது.

அவர் மாட்டிக்கொண்டார். பேச ஒன்றும் தோன்றாமல் திரையில் இருந்த பாடத்தைப் பார்த்து வாசித்தார்.

"இலைகள் சூரிய ஒளியைப் பயன்படுத்தித் தமக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கின்றன. இந்தச் செயலுக்கு நீரும் காற்றும் தேவை."

கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிதானமாக. ஆனால் எங்கும் நிற்கவில்லை. ஒரு சொல்லிலும் நிற்கவில்லை.

உம்மாவின் கையிலிருந்த அகப்பை சாய்ந்து, குழம்பு சிமெந்துத் தரையில் சொட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை. அம்றா வாயைத் திறந்தபடி நின்றாள். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்த பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று பலீலுக்கே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

"எ... எ... என்ன?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தொண்டையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, கராம்புச் சாக்கை எடுக்காமலே கடைக்குப் போய்விட்டார்.

ஆச்சரியப்பட்டுக்கொண்டு உட்கார அம்றாவுக்கு நேரம் இல்லை. ஐந்து பாடமும் அப்படியே கிடந்தன. நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஹரிசனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாத்தளைக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஹரிசன் படித்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான், பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தை விட்டு இறங்கவில்லை.

"என் குரலே எனக்குப் பிந்தி வருது ஹரிசன். பஃபரக் கொறச்சுப் பாத்தேன், கரகரன்னு சத்தம் வருது."

"பழைய லெப்டொப் எல்லோ, தாங்காது. அதை விடுங்கோ. உங்கட குரல் பெட்டிக்குள்ள போய், அங்கயிருந்து கம்ப்யூட்டருக்குள்ள போய், ஒரு சுத்துச் சுத்தித்தான் காதுக்கு வருது. அந்தச் சுத்து உங்களுக்குத் தேவையில்லை. பெட்டிக்கெண்டு ஒரு மிக்ஸர் மென்பொருள் இருக்கும், திறந்து பாருங்கோ."

திறந்தாள். திரையில் வரிசையாக ஏற்றி இறக்கும் பட்டைகள். ஒன்றின் கீழ் மைக் என்றும் இன்னொன்றின் கீழ் கம்ப்யூட்டர் என்றும் இருந்தது. மைக்கின் பட்டை அடிமட்டத்தில் கிடந்தது. பெட்டியை விற்ற கண்டிக்காரர் அப்படி வைத்திருந்திருக்கிறார்.

"மைக்கை மேல இழுத்து விடுங்கோ. இப்ப பெட்டி உங்கட குரலை உள்ளுக்கையே திருப்பி ஹெட்போனுக்குக் குடுக்கும், கம்ப்யூட்டரைக் கேக்காது. பிறகு, பதிவு செய்யிற மென்பொருளில, குரலைத் திருப்பிக் காதுக்கு அனுப்பிற மொனிட்டர் பட்டனை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி ரெண்டு அம்றா கதைப்பினம்."

பட்டையை இழுத்தாள், பட்டனை நிறுத்தினாள், "இலைகள்" என்றாள். வாயும் காதும் ஒன்றாக இருந்தன. அப்பாடா என்றிருந்தது.

தொலைபேசியை வைக்கப் போனவரை நிறுத்தி, வாப்பாவின் கதையைச் சொன்னாள். ஹரிசன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நான் வாசிச்சிருக்கிறன். எங்களைத் தடக்கி விழுத்திற அதே தாமதம், திக்கிற சில பேரை நல்லாக் கதைக்க வைக்குமாம். அதுக்கெண்டே காதில போடுற கருவியும் இருக்கு. ஆனா எல்லாருக்கும் சரிவராது. ஏன் அப்பிடி எண்டு எனக்கு விளங்கேல்லை. சும்மா அவருக்கு ஆசை காட்டிப் போடாதேங்கோ, அம்றா."

ஆசை காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பலீல் வீட்டில் இருந்தார். வழக்கமாக மூன்று மணிக்குச் சாப்பிட வருபவர், அன்று ஒன்றேகாலுக்கே வந்துவிட்டார். கராம்புச் சாக்கு மறந்துபோய்விட்டது என்று கையால் காட்டினார். அதைத் தூக்கவில்லை.

"அ... அந்தப் பெட்டி... இன்னொ... இன்னொருக்கா..."

அம்றா எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் ஹெட்போனை மாட்டி, தொண்டையைச் செருமி, காலையில் வாசித்த அதே வரியை வாசித்தார்.

"இ... இ... இலைகள் சூ... சூ..."

நிறுத்திவிட்டார். மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கிடைக்காது என்று பழகிப்போன ஒன்று ஒரு தடவை கைக்கு வந்து திரும்பப் போனால் ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் அம்றாவுக்குப் பொறி தட்டியது.

"வாப்பா, எழும்பாதீங்க! நான் அதத் திருத்திட்டேன்! காலையில பழுதா இருந்துச்சி, நான்தான் திருத்தி வெச்சிட்டேன்!"

வீட்டில் ஒரு பொருளைத் திருத்தியதற்காக இவ்வளவு வருத்தப்பட்டவர் அவளாகத்தான் இருப்பாள். மிக்ஸரைத் திறந்து, மைக்கின் பட்டையை அடிவரைக்கும் இறக்கினாள். மொனிட்டர் பட்டனைத் திரும்பப் போட்டாள். குரல் மறுபடி கம்ப்யூட்டரைச் சுற்றி வரத் தொடங்கியது.

"இப்ப சொல்லுங்க."

சொன்னார். இரண்டு இடத்தில் நின்றது.

கம்ப்யூட்டர் குரலை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்ற அந்த பஃபர் அளவு 512இல் இருப்பதைப் பார்த்தாள். காலையில் தான் குறைத்ததைத் திரும்பக் கூட்டவில்லை. அளவு கூடக் கூடக் குரல் பிந்தும். 1024க்கு மாற்றினாள். ஒரு இடத்தில் மட்டும் நின்றது. இதற்குள் பலீலின் முகத்திலிருந்த வருத்தம் போய், தராசைக் கழற்றும்போது வரும் பார்வை வந்திருந்தது. "கூ... கூட்டு," என்றார். 2048. உம்மா ஒவ்வொரு தடக்கலுக்கும் ஒரு விரலை மடக்கக் காத்திருந்தார். ஒரு விரலும் மடங்கவில்லை.

"தயாரிக்கின்றன" வரைக்கும் ஓடிவிட்டது.

இன்னும் கூட்டினால் என்ன என்று அதையும் பார்த்தார்கள். பேச்சு பாகு மாதிரி இழுபட்டது, மூன்று பேருக்கும் சிரிப்பு. திரும்ப 2048க்கு வந்தார்கள். நாலாவது தடவை 'உணவை' என்பதில் ஒரு தடவை தடக்கியது. ஐந்தாவது தடவை தடக்கவில்லை. அம்றா எல்லாவற்றையும் பாடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். நேரம் இரண்டேகால் ஆகியிருந்தது. நாலு மணிப் பாடங்களை அவள் நினைக்கவே இல்லை.

"இலையப் பத்திச் சொன்னது போதும்," என்றார் உம்மா. அவர் குரல் மாறியிருந்தது. "அந்த வார்த்தையச் சொல்லிப் பாருங்க."

எந்த வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை. பலீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் மகள் பாத்திமா அம்றாவை, பேசிக்கொண்ட மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

முழுதாக வந்தது. தன் குரல் தனக்குப் பின்னால் நடந்து வந்து கடைசிச் சொல்லை முடிப்பதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வருடமாக மனதுக்குள் மட்டும் முடிந்துகொண்டிருந்த வாக்கியம். கண்ணைத் திறந்தபோது உம்மா முக்காட்டு நுனியால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார்.

"இதப் பதிஞ்சு வெச்சி அன்னைக்குப் போட்டுட்டா என்ன?" என்றார் அழுகைக்கு நடுவே.

பலீல் ஹெட்போனைக் கழற்றினார். "பெ... பெட்டியா மகளக் கு... குடுக்குது?"

அம்றாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"வாப்பா, நீங்க மர்சூக் சாச்சாவச் சொல்லச் சொன்னத நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு வாரமா எனக்கு அதுதான் கோவம். இந்தப் பெட்டி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நீங்க திக்கினாலும் சரி. ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் நான் உக்காந்து கேப்பேன். எனக்கு உங்க வாயாலதான் கேக்கணும். வேற யாரும் முடிச்சி வெக்கக் கூடாது."

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். பலீல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பலீல் தொலைபேசியில் பேசமாட்டார். முகம் தெரியாமல் மறுமுனையில் ஒருவர் காத்திருந்தால் அவர் நாக்கு இன்னும் இறுகிவிடும். அழைப்பு வந்தால் ஸக்கியாவிடமோ மகளிடமோ நீட்டிவிடுவார். அன்று அவரே தம்பியின் இலக்கத்தை அழுத்தினார். அம்றா எட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"என்ன மதினி?" என்றது மர்சூக்கின் குரல். 'நானா' என்று அவர் கூப்பிடும் தமையனே பேசுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நா... நா... நான்."

"நானா? என்ன, யாருக்காவது சொகமில்லையா?"

"நி... நிக்காஹ்... அன்னைக்கு..."

"ஓ ஓ, நான்தான் சொல்றேன், நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. நான் மூணு நாளா கண்ணாடிக்கு முன்னால நின்னு..."

"பொ... பொறு!"

மர்சூக் பொறுத்தார்.

"நா... நான் சொ... சொல்லி முடிக்கிறேன். அம்... அம்... அம்றாவ... நா... நான்தான் குடுப்பேன்."

அந்த ஒரு வரிக்கு அரை நிமிடம் பிடித்தது. ஹெட்போன் மேசையில் கிடந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

"நல்லம் நானா," என்றார் மர்சூக். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "எனக்கும் அதுதான் சந்தோசம். ஆனா ஒண்ணு சொல்லிடணும். பள்ளிவாசல் மண்டபத்துக்குப் புதுசா ஸ்பீக்கர் பூட்டியிருக்காங்க. முன்னுக்கு ரெண்டு, பொம்பளைங்க பக்கம் மேல்மாடியில ஒண்ணு, வெளிய ஒண்ணு. இந்த நிக்காஹ்லதான் மொதமொதலாப் போடப்போறாங்க. நீங்க சொல்றது சபைக்கு மட்டுமில்ல, ரோட்டுல போறவனுக்கும் கேக்கும்."

உம்மாவின் முகம் வெளுத்தது. அம்றாவின் மூளையோ வேறு பக்கம் ஓடியது. மேல்மாடியில் ஒரு ஸ்பீக்கர், வெளியே ஒன்று. பேசுபவரின் குரல் அங்கே போய், சுவரில் பட்டு, அவர் காதுக்குப் பிந்தித்தானே திரும்பும்? எவ்வளவு பிந்தும்? வாப்பாவை அது தூக்கிவிடுகிற அளவா, தடக்கி விழுத்துகிற அளவா? யாராவது போய் அந்த இடத்தில் உட்கார்ந்து, மைக்கில் பேசிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆண்கள் பக்கத்துக்கு அவள் போக முடியாது. யாரை அனுப்புவது?

"நானா? லைன்ல இருக்கீங்களா? ஊருக்கே கேக்கும்ன்னேன்."

பலீல் தொலைபேசியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கே..."

நின்றுவிட்டது. அந்தச் சொல்லை முடித்துக் கொடுக்க உம்மாவின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. அம்றா உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். உம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கே... கே..." பலீல் ஒரு தடவை மூச்சு வாங்கினார். "கேக்கட்டும்," என்றார்.